மீன் நாறுவதற்கு முன்னால் பாக்டீரியா கூடிப் பேசும்: அதைத் தடுப்பது எப்படி?

போன மாதம் கோவை உக்கடத்தில் மத்தி வாங்கி, பையை வண்டியில் மாட்டிக்கொண்டு, வழியில் டீ, அரட்டை என்று மதியம்தான் வீடு சேர்ந்தேன். காலையில் வாசமே இல்லாத மீன், பையைப் பிரித்ததும் மூக்கைத் துளைத்தது. "கடைக்காரன் ஏமாத்திப்போட்டானா கண்ணு?" என்றார் அம்மா. ஏமாற்றியது அவரில்லை, என் மூன்று மணி நேர அரட்டை.

மீனின் தோல், செவுள், குடலில் பாக்டீரியா எப்போதும் இருக்கும். அவற்றில் பல இனங்கள் சேதி சொல்வது போல ஆளுக்கொரு துளி வேதிப்பொருளை வெளியே விட்டுக்கொண்டே இருக்கும். கூட்டம் பெருகினால் அதுவும் சேரும். ஓர் அளவைத் தாண்டியதும் எல்லாம் ஒரே நேரத்தில் நொதிகளைச் சுரந்து சதையைக் கரைக்கத் தொடங்கும். பால் சங்கத்தில் கோரம், அதாவது குறைந்தபட்ச ஆள் எண்ணிக்கை, இல்லாமல் கூட்டம் நடக்காதே, அதே கதைதான். 1970இல் ஒளிரும் கடல் பாக்டீரியாவில் இதைக் கண்டார்கள். 'கோரம் சென்சிங்' என்ற பெயர் 1994இல் வந்தது. கெடுவதெல்லாம் இந்தப் பேச்சால் மட்டுமல்ல, ஆனால் இதற்கும் ஒரு பங்கு உண்டு.

சரி, நம் வேலை கோரம் சேரவிடாமல் பார்ப்பது.

படி 1: ஐஸ். ஆயிரம் பாக்டீரியா ஒரு கோடியைத் தாண்ட 14 தடவை இரட்டித்தால் போதும். சூட்டில் அது சில மணி நேர வேலை, ஐஸில் பல நாள் வேலை. தெர்மாகோல் பெட்டியில் ஐஸ், மீன், மேலே மறுபடி ஐஸ். அடியில் ஓட்டை போட்டு உருகிய தண்ணீரை வடியவிடுங்கள். மீன் அதில் ஊறக் கூடாது.

படி 2: செவுளையும் குடலையும் உடனே எடுங்கள். பெரிய மீன் என்றால் வயிற்றுக்குள், முதுகெலும்பை ஒட்டி, கருஞ்சிவப்பாக ஒரு ரத்தக்கோடு இருக்கும். பலர் விட்டுவிடுவது இதைத்தான். கட்டைவிரல் நகத்தால் சுரண்டி, ஓடும் தண்ணீரில் கழுவுங்கள். குடல் எடுத்த கத்தியைக் கழுவாமல் சதையில் வைக்காதீர்கள்.

படி 3: மஞ்சள் தடவலாம், ஆனால் அதை நம்பி ஐஸை விடாதீர்கள். மஞ்சளில் உள்ள குர்குமின் பாக்டீரியாவின் சேதியைக் குலைப்பதை ஆய்வகத்தில் பார்த்திருக்கிறார்கள்; நாம் தடவும் ஒரு கரண்டி மஞ்சள்தூள் அந்த வேலையைச் செய்யும் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

படி 4: மூக்கை முழுசாக நம்பாதீர்கள். கடல் மீனின் உடம்பிலுள்ள ஒரு பொருளை பாக்டீரியா ட்ரைமெத்திலமைனாக மாற்றுவதால்தான் அந்தக் கவிச்சி. பவானிசாகர் அணை ரோகு, கட்லாவில் அந்த மூலப்பொருள் மிகக் குறைவு. மத்தி அளவுக்கு நாறவில்லை என்பதால் கட்லா நல்ல மீன் ஆகிவிடாது. விரலால் அழுத்துங்கள், குழி அப்படியே நின்றால் வேண்டாம். செவுள் பழுப்பேறி வழவழத்தாலும் வேண்டாம்.

படி 5: ஃபிரீசரில் பாக்டீரியா பெருகாது, ஆனால் எல்லாம் செத்துவிடாது. அதனால் வெளியே வைத்து உருக்காமல், ராத்திரியே ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு மாற்றிவிடுங்கள்.

அப்புறம் இந்தப் புளி விஷயம். கெட்டுப்போன மீனையும் புளி கரைத்து ஊற்றிக் கொதிக்கவிட்டால் கவிச்சி அடங்கும். புளிப்பு அந்த ட்ரைமெத்திலமைனைப் பிடித்து வைத்துக்கொள்ளும், அவ்வளவுதான். சூரை, அயிலை சூட்டில் கிடந்து, ஹிஸ்டமின் என்ற ஒவ்வாமை போன்ற தொல்லை தரும் பொருள் சேர்ந்திருந்தால் எவ்வளவு கொதித்தாலும் அது போகாது. சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் முகம் சிவந்து அரிக்கும். அன்றைக்கு அம்மா புளி ஊறப்போடத் தயாராகத்தான் இருந்தார். நான்தான் மத்தியைத் தென்னை மரத்தடியில் குழி தோண்டிப் புதைத்துவிட்டு, கடைக்குப் போய் முட்டை வாங்கி வந்தேன்.