ஃபிங்கரிங்கில் கை வைக்கும் முன்: கிட்டார் மாஸ்டர்கிளாஸில் கண்டிப்பைக் கையாளும் முறை

முதல் தந்தியைத் திறந்து (விரலால் அழுத்தாமல்) மீட்டினால் வரும் 'ஈ' ஸ்வரம், இரண்டாம் தந்தியின் 5ஆம் ஃப்ரெட்டிலும் (கழுத்தில் குறுக்கே பதித்த கம்பி), மூன்றாம் தந்தியின் 9ஆம் ஃப்ரெட்டிலும், நான்காம் தந்தியின் 14ஆம் ஃப்ரெட்டிலும் கிடைக்கும். ஸ்வரம் ஒன்றுதான், நாதம் நான்கு. திறந்த தந்தி பளிச்சென்று ஒலிக்கும், ஆனால் வழக்கமான வைப்ரேட்டோவுக்கு (விரலால் ஸ்வரத்தை அசைப்பது) அங்கே இடமில்லை. மூன்றாம் தந்தியில் அதே ஸ்வரம் தடித்து, சற்று மங்கி, பாடும் குரலுக்கு நெருங்கி வரும். பியானோக்காரருக்கு இந்தத் தேர்வே கிடையாது. கிட்டாரில் எந்த விரலால் எந்தத் தந்தியில் என்ற ஃபிங்கரிங்கை முடிவெடுக்கும்போதே பாதி இசை முடிவாகிவிடுகிறது. அதனால்தான் மாஸ்டர்கிளாஸ்களில் (சபை முன்னிலையில் தேர்ந்த கலைஞர் எடுக்கும் வகுப்பு) மோதல் பெரும்பாலும் ஃபிங்கரிங்கில் தொடங்குகிறது. ஆசிரியர் விரலைத்தான் மாற்றுகிறோம் என்று நினைப்பார். மாணவரின் யோசனையே அங்கே அழிந்திருக்கும்.

இதற்கு நீண்ட வரலாறு உண்டு. ஆந்த்ரேஸ் செகோவியா கிட்டாரைப் பெரிய கச்சேரி மேடைக்குக் கொண்டுபோனவர். அவர் சேவையை யாரும் குறைத்துச் சொல்ல முடியாது. ஆனால் அவர் வகுப்புகளில் அவருடைய பதிப்பும் அவருடைய ஃபிங்கரிங்குமே சட்டம். 1980களில் தென் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தில் நடந்த வகுப்பு ஒன்றில், ஃபிங்கரிங்கை மாற்றி வாசித்த மாணவரை அவர் சபை முன்னிலையில் கடிந்துகொண்ட காட்சி வீடியோவாக இருக்கிறது. இத்தாலியின் சியேனாவில் அவரிடம் பயின்ற கிட்டார் கலைஞர் ஜான் வில்லியம்ஸ், செகோவியாவைப் போலவே வாசிக்க வேண்டும் என்ற அந்த வற்புறுத்தல் மாணவர்களுக்கு நன்மை செய்யவில்லை என்று பின்னாளில் வெளிப்படையாகவே சொன்னார்.

கண்டிப்பு வேண்டாம் என்பதல்ல இதன் பொருள். அரை மணி நேரம் 'அருமை, அருமை' என்று சொல்லி அனுப்புவதும் மாணவரை ஏமாற்றுவதுதான். காதில் விழுவதைப் பற்றிக் கண்டிப்பாக இருக்கலாம், இருக்கவும் வேண்டும். கீழ்ப்படிதலைப் பற்றிக் கண்டிப்பாக இருக்கும்போதுதான் கெடுகிறது.

வகுப்புக்கு முன்

மாணவர் தன் ஃபிங்கரிங் எழுதிய பிரதியை ஒரு வாரம் முன்பே ஆசிரியருக்கு அனுப்பட்டும். கூடவே மூன்று வரிக் குறிப்பு: எந்தப் பதிப்பிலிருந்து கற்றது, எந்த இடங்களில் தானாக மாற்றியது, எந்த இடம் இன்னும் கைக்குள் வரவில்லை. இந்த மூன்று வரி, மேடையில் வரக்கூடிய அதட்டலில் பாதியைத் தடுத்துவிடும். 'யார் இப்படிச் சொல்லிக்கொடுத்தது?' என்ற கேள்விக்கு அங்கே இடமில்லாமல் போகும். அது மாணவரின் வழக்கமான ஆசிரியரையும் சேர்த்து அடிக்கும் கேள்வி.

அந்த வாரத்திலேயே மாணவருக்குக் கச்சேரியோ போட்டியோ தேர்வோ இருக்கிறதா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். இருந்தால் ஃபிங்கரிங் எதையும் மாற்றாதீர்கள். மனப்பாடமான வாசிப்பு பெரிதும் கையின் நினைவில் நிற்கிறது. ஒரு பாரில் (தாளக் கணக்கின் ஒரு கட்டம்) இடது கை நிலையை மாற்றினால், அதற்கு முந்தைய பாரின் கடைசி விரலும் அடுத்த பாரின் முதல் விரலும் மாறும். பழைய பாதை அழியாமல், புதியது இன்னும் பதியாமல், இரண்டும் மேடையில் முட்டிக்கொள்ளும். மாணவர் அந்த இடத்தில் நின்றுவிடுவார். நினைவு பிசகியது என்று சொல்வார்கள். பழி ஆசிரியருடையது.

வகுப்பு நேரம்

40 நிமிடம் கிடைத்தால் முதல் 6, 7 நிமிடம் முழு வாசிப்பு. நடுவில் நிறுத்தக் கூடாது, தலையை ஆட்டக் கூடாது, பிரதியில் பென்சிலால் கீறவும் கூடாது. மாணவர் கடைக்கண்ணால் எல்லாவற்றையும் பார்க்கிறார். முதல் நிமிடத்தின் வாசிப்பை வைத்து எதையும் தீர்மானிக்காதீர்கள். கை சூடேறியிருக்காது, நாற்காலியின் உயரம் பழகியிருக்காது, நைலான் தந்திகள் அரங்கின் வெப்பத்துக்கு இறங்கிக்கொண்டிருக்கும். வாசித்து முடித்ததும் மறுபடி சுருதி சேர்க்க நேரம் கொடுங்கள். மூச்சு வாங்கவும் அது உதவும்.

அடுத்த 2, 3 நிமிடம் கேள்விகள். 'இந்தப் பகுதியில் மெலடி, நடு, கீழ் (பாஸ்) குரல்களில் எது முன்னால் நிற்க வேண்டும் என்று நினைத்தீர்கள்?' 'இந்த மெலடியை இரண்டாம் தந்திக்குக் கொண்டுபோனது எதற்காக?' பதில் தெளிவாக இருந்தால், அந்த நோக்கம் ஒலியில் வந்ததா என்று மட்டும் பாருங்கள். பதில் இல்லையென்றால் அதுவே பாடம். அதற்கு அதட்டல் தேவைப்படாது. பிறகு ஒரு விஷயம், மிஞ்சினால் இரண்டு. ஏழு குறைகளைக் கேட்டுக்கொண்டு போகும் மாணவர் வீட்டில் ஒன்றையும் திருத்த மாட்டார். கடைசி 5 நிமிடம் அதே பகுதியை நிறுத்தாமல் மறுபடி வாசிக்க விட வேண்டும்.

எதை நேரடியாகத் திருத்தலாம்

தவறான ஸ்வரம், தவறான கால அளவு, தாங்க வேண்டிய பாஸ் பாதியில் அறுந்துபோவது, ஃப்ரெட்டில் விரல் பின்தங்கி தந்தி இரைவது, இவையெல்லாம் உண்மைப் பிழைகள். சுற்றி வளைக்காமல் பார் எண்ணோடு சொல்லுங்கள்: '13ஆம் பாரில் பாஸ் இரண்டு பீட் நிற்க வேண்டும், ஒன்றிலேயே விடுகிறீர்கள்.' இந்த வாக்கியத்தில் கண்டிப்பு இருக்கிறது, அவமானம் இல்லை. 'இவ்வளவு கூடவா கவனிக்கவில்லை?' என்பதில் அவமானம் மட்டுமே இருக்கிறது. எதைத் திருத்துவது என்ற செய்தி இல்லை.

நடை சார்ந்தவற்றுக்குத் தகவல் கொடுங்கள், தீர்ப்பு வேண்டாம். சரபாண்டில் (மூன்று பீட் நடன வகை) இரண்டாம் பீட் கனப்பது வழக்கம் என்று சொல்லி, அந்தக் கனத்தைத் தர எத்தனை வழி உண்டு என்று மாணவரையே தேட விடலாம். பாஹ் விஷயத்தில் 'ஒரிஜினல் ஃபிங்கரிங்' என்று அதட்டுவதற்கு அடிப்படையே இல்லை. பிடபிள்யூவி (பாஹ் படைப்புகளின் பட்டியல் எண்) 996 நமக்கு வந்திருப்பது பாஹ் கையெழுத்தில் அல்ல, யோஹான் காட்ஃப்ரீட் வால்தர் எடுத்த நகலில். 995 பாஹ் கையாலேயே ஜி மைனரில் இருக்கிறது, கிட்டாரில் பெரும்பாலும் ஏ மைனருக்கு மாற்றித்தான் வாசிக்கிறோம். கிட்டார் பிரதியில் அச்சாகியிருக்கும் ஒவ்வொரு விரல் எண்ணும் யாரோ ஒரு பதிப்பாசிரியரின் கருத்து. பிரேசிலின் வில்லா-லோபோஸ் மாதிரி இசையமைப்பாளரே கிட்டாரிஸ்டாக இருந்தால் கதை வேறு. அவர் எழுதியதை ஏன் விட்டீர்கள் என்று கேட்பது நியாயம்.

ஃபிங்கரிங் உண்மையிலேயே கெடுதல் செய்கிற இடமும் உண்டு. ஸ்பானிய இசையமைப்பாளர் டாரேகாவின் லாக்ரிமா என்ற துண்டின் தொடக்கத்தைப் பாருங்கள். மெலடி முதல் தந்தியில் 4, 5, 7 ஃப்ரெட்டுகளில் ஏறுகிறது, பாஸ் நான்காம் தந்தியில் 2, 4, 6. நடுவில் திறந்த இரண்டாம் தந்தியின் 'பி' திரும்பத் திரும்ப ஒலிக்கிறது. நாதம் கனக்க வேண்டும் என்று ஒரு மாணவர் மெலடியை இரண்டாம் தந்தியின் 9, 10, 12க்கும், பாஸை ஐந்தாம் தந்தியின் 7, 9, 11க்கும் கொண்டுபோகிறார். நல்ல நோக்கம். ஆனால் இரண்டாம் தந்தி மெலடிக்குப் போய்விட்டதால் திறந்த 'பி'க்கு வழியில்லை. மூன்றாம் தந்தியின் 4ஆம் ஃப்ரெட்டை அங்கிருந்து விரல் எட்டாது. 'தப்பு' என்று சொல்ல வேண்டியதில்லை. 'நடுக்குரலின் பி எங்கே?' என்று கேட்டால் போதும், அவரே கேட்டுவிடுவார். பிறகு அந்தக் கனத்தை முதல் தந்தியிலேயே எப்படிக் கொண்டுவருவது என்று தேடலாம்: அப்போயாண்டோ (மீட்டிய விரல் அடுத்த தந்தியில் சாயும் முறை) தொடலாம், வலது கையை ஒலித்துளையின் ஃப்ரெட் பக்க விளிம்புக்கு நகர்த்தலாம், 7ஆம் ஃப்ரெட்டில் அகலமான வைப்ரேட்டோ தரலாம். ஃபிங்கரிங் மாறியது, நோக்கம் தப்பித்தது. இதுதான் நல்ல திருத்தம்.

மூன்று விதமாக வாசிக்கச் சொல்வது

நான்கு பார்களைத் தேர்ந்தெடுத்து, மூன்று விதமாக வாசிக்கச் சொல்லுங்கள். மூன்றையும் மாணவரே யோசிக்க வேண்டும், ஒன்றாவது மிகைப்படுத்தியதாக இருக்க வேண்டும். மாற்றக்கூடியவை இவ்வளவுதான்: தந்தி, வலது கை இடம், தொடும் முறை, காலம், ஒலியளவு. வில்லா-லோபோஸின் முதல் எடியூட் (பயிற்சித் துண்டு) இதற்கு நன்றாக வாய்க்கும். பெரும்பகுதி ஒரே ஆர்பெஜியோ (கார்டின் ஸ்வரங்களை ஒவ்வொன்றாக மீட்டுவது) உருதான், அச்சுப் பதிப்பில் பார்கள் இரண்டிரண்டு தடவை வருகின்றன. இரண்டாம் தடவையை என்ன செய்வது என்பது மாணவர் கையில். இரண்டாவதை எல்லா இடத்திலும் தாழ்ந்த ஒலியில் வாசித்தால் எதிரொலி மாதிரி அலுத்துவிடும்; அதை அவரே சீக்கிரம் உணர்வார்.

அந்த நேரத்தில் ஆசிரியரின் கிட்டார் மடியில் சும்மா இருக்கட்டும். ஆசிரியர் ஒருமுறை வாசித்துக் காட்டினால் தேடல் அங்கேயே முடிந்தது. மாணவர் அந்த நாதத்தை நகலெடுக்கத் தொடங்குவார், சபையும் கைதட்டும். காட்டியே ஆக வேண்டுமென்றால் ஒன்றுக்கொன்று முரணான இரண்டு வாசிப்புகளைக் காட்டுங்கள், நகலெடுக்க ஒரே விடை இருக்காது. நகத்தோடா, நகமில்லாமலா என்பதிலேயே 19ஆம் நூற்றாண்டு ஸ்பானிய கிட்டார் கலைஞர்கள் ஃபெர்னாண்டோ சோரும் டியோனிசியோ அகுவாடோவும் எதிரெதிர். சோர் விரல் நுனியால், அகுவாடோ நகத்தால். ஆனாலும் இருவரும் சேர்ந்து வாசிக்கவென்றே சோர் தன் ஓபஸ் 41ஐ (41ஆம் எண் படைப்பு) எழுதி, 'இரு நண்பர்கள்' என்று பெயர் வைத்தார்.

கை விறைத்தால்

அதட்டல் முதலில் கையில் தெரியும். தோள் காதை நோக்கி ஏறும், இடது கட்டைவிரல் கழுத்தை நெரிக்கும், அதனால் நிலை மாறும்போது விரல் தாமதமாகிச் சத்தம் அறுபடும். வலது கையில் மோதிர விரல் விறைத்து ட்ரெமோலோ (ஒரே ஸ்வரத்தை வேகமாகத் திரும்பத் திரும்ப மீட்டுவது) நொண்டும். இந்த நிலையில் மேற்கொண்டு திருத்தினால் எதுவும் உள்ளே போகாது. இரண்டு கைகளையும் தொங்கவிடச் சொல்லி, மூச்சை முழுவதும் வெளியே விட்டபின், சிக்கலான இடத்துக்கு இரண்டு பார் முன்னிருந்து, பாதி வேகத்தில் தொடங்கச் சொல்லுங்கள். அனுமதி கேட்காமல் மாணவரின் கையைப் பிடித்து நகர்த்தாதீர்கள். உட்காரும் முறை, நகத்தின் வடிவம் இரண்டையும் ஒரே வகுப்பில் மாற்ற வேண்டாம். நகத்தை அன்றைக்கே ராவிவிட்டால் பழைய நாதத்துக்குத் திரும்ப, அது வளரும்வரை காத்திருக்க வேண்டும். வலி இருக்கிறது என்று மாணவர் சொன்னால் மட்டும் வாசிப்பை உடனே நிறுத்துங்கள்.

மாணவர் பக்கம்

குறைந்தது இரண்டு முறை பிறர் முன் வாசித்துப் பழகிய, 7 நிமிடத்துக்குள் முடியும் துண்டைக் கொண்டுபோங்கள். இரண்டு பிரதி எடுங்கள். சொந்த ஃபிங்கரிங் உள்ளதை வீட்டில் வைத்துவிட்டு, மற்றதில் ஆசிரியர் சொல்வதை வேறு நிறத்தில் எழுதுங்கள். எதையும் அழிக்க வேண்டாம். அனுமதி கிடைத்தால் பதிவு செய்துகொள்ளுங்கள். அதட்டலுக்கு நடுவில் சொல்லப்பட்ட நல்ல விஷயம் அன்றைக்குக் காதில் விழாது, மறுநாள் பதிவில் விழும்.

ஆசிரியர் குரல் உயர்ந்தால் வாதாடவும் வேண்டாம், மன்னிப்புக் கேட்கவும் வேண்டாம். 'இரண்டு விதமும் வாசிக்கிறேன், வித்தியாசத்தைச் சொல்லுங்கள்' என்று கேளுங்கள். பேச்சு உங்களை விட்டு ஒலிக்குப் போய்விடும். இரண்டு நாள் கழித்துப் பழைய ஃபிங்கரிங்கையும் புதியதையும் மூன்று சோதனைக்கு உட்படுத்துங்கள்: முழு வேகத்தில் நிற்கிறதா, தாங்க வேண்டிய குரல்கள் தாங்குகின்றனவா, காலையில் கை சூடேறாத நிலையில் முதல் முயற்சியிலேயே வருகிறதா. மாறிய பாரைத் தனியாகப் பழகாமல், முந்தைய பாரிலிருந்து அடுத்த பார் வரை சேர்த்தே பழகுங்கள். இரண்டு வாரம் கழித்து இரண்டையும் பதிவு செய்து, எது எது என்று சொல்லாமல், அந்த வகுப்பில் இல்லாத ஒருவருக்குப் போட்டுக் காட்டுங்கள்.