எல்டன் ரிங் ஆடப்போகிறீர்களா? இந்தத் தவறுகளை நான் செய்துவிட்டேன், நீங்கள் செய்ய வேண்டாம்

குகைக்குள்ளிருந்து லிஃப்ட் ஏறி, கனமான கதவைத் தள்ளி வெளியே வந்ததும் வானளாவ ஒரு பொன் மரம். அதைப் பார்த்து வாய் பிளந்து முடிப்பதற்குள் அடுத்தது கண்ணில் படும்: தங்கக் கவசம் பூட்டிய குதிரை, அதன் மேல் தங்கக் கவசம் பூட்டிய ஒரு வீரன். ட்ரீ சென்டினல். முதலில் வருகிற எதிரி, அப்படியொன்றும் பெரிய ஆளாக இருக்க மாட்டான் என்று நினைத்து நேராகப் போனேன். இரண்டு அடி. செத்தேன். திரும்பிப் போனேன். அன்றைக்கு ஒன்றரை மணி நேரம் அவனோடு மல்லுக்கட்டினேன். அவனைச் சுற்றிக்கொண்டு போக இரண்டு பக்கமும் புல்வெளி காலியாகக் கிடந்தது என்பது அப்புறம்தான் உறைத்தது.

இந்த கேமில் புதியவர்கள் செய்யும் தவறுகளில் பாதி, இந்தத் தவறின் வேறு வேறு வடிவங்கள்தான். வழியை மறைத்து ஒருவன் நின்றால் அவனை வென்றுவிட்டுத்தான் போக வேண்டும் என்று மற்ற கேம்கள் நம்மைப் பழக்கி வைத்திருக்கின்றன. எல்டன் ரிங் "வேண்டாமே, வேறு பக்கம் போயேன்" என்கிறது. ஆனால் அதை வாய் திறந்து சொல்லாது. அதன் பெரிய பலமும் பெரிய பலவீனமும் அந்த மௌனம்தான்.

பொன்னிறக் கோட்டை நம்பிப் போவது

க்ரேஸ் எனப்படும் ஓய்விடங்களிலிருந்து ஒரு பொன்னிற ஒளிக்கோடு ஏதோ ஒரு திசையில் நீளும். அது பிரதான பாதை எங்கே இருக்கிறது என்று காட்டும், அவ்வளவுதான். நீங்கள் அதற்குத் தயாரா என்று அதற்குத் தெரியாது. கோட்டைப் பிடித்துக்கொண்டே போனால் ஸ்டார்ம்வெயில் கோட்டை வாசலில் மார்கிட் என்ற பாஸ், அதாவது சாதாரண எதிரிகளைவிடப் பலமான பெரிய எதிரி, நிற்பார். பத்தாவது லெவலில் அவர் முன் போய் நின்றுவிட்டு, "இது என்னய்யா கேம்" என்று விற்றுவிட்டுப் போனவர்கள் எனக்குத் தெரிந்தே இரண்டு பேர்.

அதற்குப் பதிலாகத் தெற்கே போங்கள். வீப்பிங் பெனின்சுலா என்ற அந்தப் பகுதியை விளையாட்டு எங்கும் கட்டாயப்படுத்தாது. அங்கே மூன்று தேவாலயங்கள்; ஒவ்வொன்றிலும் ஒரு சேக்ரட் டியர், அதாவது உங்கள் மருந்துக் குடுவையின் வீரியத்தைக் கூட்டும் பொருள். அதை முடித்துவிட்டு வந்தால் அதே மார்கிட் முன்பு மாதிரி மலையாகத் தெரிய மாட்டார்.

மார்கிட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் மீதி கேமை எப்படி ஆட வேண்டும் என்பதற்கு அவர்தான் வாத்தியார். கோலை மேலே தூக்குவார். தூக்கிய கை உச்சியில் அப்படியே நிற்கும். நமக்கோ பயம், அடியிலிருந்து தப்பிக்க உடனே உருளுவோம். உருண்டு எழுந்திருக்கிற அந்தக் கணத்தில் கோல் தலையில் இறங்கும். கை மேலே போவதைப் பார்த்து உருளக்கூடாது, கீழே வரத் தொடங்குவதைப் பார்த்துத்தான் உருள வேண்டும். அதுவும் பின்பக்கம் இல்லை, அவரை நோக்கி, அவர் இடுப்புப் பக்கமாக. தள்ளிப் போய் நின்று மருந்து குடிக்கலாம் என்று நினைத்தால் ஒளிக்கத்தி பறந்து வரும். அவர் ஒரு பெரிய அடியைப் போட்டு முடித்த இடைவெளிதான் குடிக்கும் நேரம்.

இன்னொன்று. கேம் தொடங்கும் பகுதியான லிம்கிரேவில் மர்க்வாட்டர் குகை என்று ஒன்று. அதற்குள் பேட்சஸ் என்ற ஏமாற்றுக்காரன் உங்களைத் தாக்குவான். பாதிச் சண்டையில் தரையில் விழுந்து மன்னிப்புக் கேட்பான். கோபத்தில் போட்டுத் தள்ளிவிடாதீர்கள். விட்டுவிட்டால் அங்கேயே கடை விரிப்பான். மார்கிட்டைத் தரையோடு கட்டிப்போடும் விலங்கை 5000 ரூனுக்கு (ரூன்தான் இந்த கேமின் காசு) தருவான். சண்டையின் முதல் பகுதியில் அது நன்றாகவே வேலை செய்யும்.

பலத்தில் கொட்டி, உயிரை மறப்பது

லெவல் ஏறும் புள்ளிகளை எல்லாம் ஸ்ட்ரெங்த்திலோ டெக்ஸ்டெரிட்டியிலோ போடுவது ஆசைதான். ஆனால் ஆரம்பத்தில் அடியின் கனத்தை முடிவு செய்வது பெரும்பாலும் வாளின் மேம்பாடு. சாதாரண ஆயுதங்கள் +25 வரையும், சோம்பர் கற்களால் மெருகேறும் சிறப்பு ஆயுதங்கள் +10 வரையும் போகும். எல்லே தேவாலயத்து இடிபாட்டில் கிடக்கும் பட்டறைக்கல்லிலேயே +3 வரை ஏற்றிக்கொள்ளலாம். அதற்கான கல் லிம்கிரேவ் சுரங்கத்தில் கிடைக்கும். புள்ளிகளை அதுவரை விகரில், அதாவது உயிர் அளவைக் கூட்டும் திறனில் போடுங்கள்.

விகர் 40-ல் உயிர் அளவு 1450. 60-ல் 1900. அங்கிருந்து 99 வரை இன்னும் 39 புள்ளிகளைக் கொட்டினால் கிடைப்பது வெறும் 200. ஆக 60-ல் நிறுத்திக்கொள்வது புத்திசாலித்தனம். ஆனால் நான் பார்க்கிறவர்கள் பெரும்பாலும் 60-ஐத் தாண்டித் தவறு செய்வதில்லை. 20-லேயே நின்றுகொண்டு "ஒரே அடியில் சாகிறேன்" என்று புலம்புகிறார்கள்.

கவசத்திலும் இதே கதை. மொத்த எடை உங்கள் சுமைத்திறனில் 70 சதவீதத்தைத் தொட்டால் உருளுவது நெல் மூட்டை சாய்கிற மாதிரி ஆகிவிடும். ஒரு காலுறையைக் கழற்றினால் தீர்கிற பிரச்சினை அது. அழகுக்காகப் பெரிய தலைக்கவசத்தை விட மனசில்லாமல் செத்துக்கொண்டிருந்தவன் நான்.

ஆவிகளைக் கூப்பிடுவது மானக்கேடு என்று நினைப்பது

சவாரி செய்ய நமக்கென்று ஒரு குதிரை கிடைத்த பிறகு எல்லே தேவாலயத்துக்குத் திரும்பினால், பெரிய தொப்பி வைத்த ஒரு பெண் அங்கே உட்கார்ந்திருப்பாள். ஆவிகளை அழைக்கும் மணியைத் தருவாள், கூடவே மூன்று ஓநாய்களையும். பலர் அந்தப் பக்கம் திரும்பியே போகாமல் தவறவிடுகிறார்கள். அப்படியானால் ரவுண்ட்டேபிள் மண்டபத்துக் கடையில் மணியை வாங்கிக்கொள்ளலாம். இணையத்தில் யாராவது "ஆவிகளோடு ஜெயித்தால் ஜெயித்த கணக்கே இல்லை" என்பார்கள். இந்த கேமில் எளிது, கடினம் என்று தேர்வு செய்யும் வசதி கிடையாது. அந்த வசதிக்குப் பதிலாக, கேமை உருவாக்கிய ஃப்ரம்சாஃப்ட்வேர் வைத்தது ஓநாய்களைத்தான். தாராளமாகக் கூப்பிடுங்கள்.

உண்மையான குறைகள்

2022 பிப்ரவரி 25-ல் வந்து, அந்த ஆண்டின் சிறந்த கேம் விருதை வாங்கிய ஒன்றைக் குறை சொன்னால் ரசிகர்கள் சண்டைக்கு வருவார்கள். பரவாயில்லை. முதல் குறை, கதை மாந்தர்களின் கிளைக்கதைகள். யார் எங்கே போனார், அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று குறித்து வைக்கும் பட்டியல் எதுவும் கிடையாது. ஒருவரிடம் பேசிவிட்டு ஒரு பாஸை முடித்தால், அவர் பத்து மைல் தள்ளி ஒரு பாழடைந்த வீட்டில் இருப்பார். ஏன் போனார் என்று சொல்லவும் மாட்டார். வெளிவந்தபோது வரைபடத்தில் இவர்களின் அடையாளம்கூடக் கிடையாது. மார்ச் மாதம் வந்த 1.03 அப்டேட்டில்தான் அதைச் சேர்த்தார்கள். இதற்கு மட்டும் கூச்சமில்லாமல் விக்கி பாருங்கள். பிடிவாதமாகப் பார்க்காமல் இருந்துதான் நான் நான்கு கிளைக்கதைகளைக் கோட்டைவிட்டேன்.

கதை விஷயத்தில் இன்னொரு ஏமாற்றமும் காத்திருக்கிறது. ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டின் பெயரைப் பார்த்து வாங்குகிறவர்கள் பலர். அவர் எழுதிக் கொடுத்தது இந்த உலகத்தின் பழங்கதையை, அதாவது நாம் வருவதற்கு வெகுகாலம் முன்பு நடந்ததை. அதை உடைத்து, வாள்களின் குறிப்புகளிலும் சுவரோரப் பேய்களின் முனகலிலும் தூவி வைத்தது கேமின் இயக்குநர் மியாசாகியின் குழு. சோபாவில் சாய்ந்து காட்சி காட்சியாகக் கதை பார்க்க நினைத்தால் இது உங்களுக்கான கேம் இல்லை. ஒரு பொருள் கிடைத்தால் அதன் குறிப்பை வாசிக்கிற பழக்கம் இருந்தால், விருந்து.

இரண்டாவது, திரும்பத் திரும்ப வரும் பாஸ்கள். நிலவறைக் கல்லறைகளில் எர்ட்ட்ரீ பரியல் வாட்ச்டாக் என்று ஒரு கற்சிலை வரும் (பெயரில்தான் நாய், முகம் அசல் பூனை). முதல் தடவை மிரட்சி. மூன்றாவது தடவை, இரண்டு பூனைகள் சேர்ந்து வரும்போது கொட்டாவி. வரைபடத்தில் இருக்கிற ஒவ்வொரு கல்லறையையும் துடைத்துவிட்டுத்தான் நகர்வேன் என்று கங்கணம் கட்டுவது பெரிய தவறு. பாதி கேமிலேயே சலித்துவிடும். அதற்கப்புறம் வரும் பனிமலைப் பகுதியில் எதிரிகளின் அடி திடீரென்று எகிறும்போது உங்களிடம் பொறுமை மிச்சம் இருக்காது.

மற்றவை சின்னவை. கணினியில் நொடிக்கு 60 ஃப்ரேம்தான் உச்சவரம்பு. பெரிய டிராகனின் காலடியில் நின்றால் கேமராவுக்கு வயிறு மட்டுமே தெரியும். பாஸ் (நிறுத்தி வைக்கும் பாஸைச் சொல்கிறேன்) பட்டன் கிடையாது. குக்கர் விசில் எண்ணுகிறவர்கள் க்ரேஸில் உட்கார்ந்துவிட்டுப் போவது நல்லது.

அப்புறம் அந்தப் பெட்டி. லிம்கிரேவில் ஏரிக்கு நடுவே டிராகன் எரித்த இடிபாட்டில் ஒரு நிலவறை, உள்ளே ஒரு பெட்டி. திறந்தால் புகை சூழ்ந்து, எங்கோ கேலிட் என்ற வேறொரு பகுதியில் ஒரு பளிங்குச் சுரங்கத்தில் கிடப்பீர்கள். சுரங்கத்திலிருந்து நடந்து வெளியேறும் வரை வரைபடம் வழியாக வேறெங்கும் தாவ முடியாது. அங்கே எதிரிகளோடு சண்டை போட நினைக்காதீர்கள், ஓடுங்கள். வெளியே வந்ததும் வானம் ரத்தச் சிவப்பாக இருக்கும். மிரண்டுபோய் வரைபடத்தைத் திறந்து பார்த்தபோதுதான் இந்த உலகம் எவ்வளவு பெரியது என்று எனக்கு முதல்முறையாகப் புரிந்தது. ஆகவே இதைத் தவறு என்று சொல்ல முழு மனசில்லை.

டிஎல்சியை முதலிலேயே வாங்குவது

ஷேடோ ஆஃப் தி எர்ட்ட்ரீ என்ற டிஎல்சி, அதாவது தனியாக வாங்க வேண்டிய கூடுதல் பகுதி, 2024 ஜூன் 21-ல் வந்தது. வாங்கி நிறுவிவிட்டால் உடனே நுழைந்துவிட முடியாது. ராடான், மோக் என்ற இரண்டு பாஸ்களையும் வீழ்த்தியிருக்க வேண்டும். உள்ளே போனபின் 150-வது லெவல் என்ற மிதப்பும் செல்லாது. அங்கங்கே கிடைக்கும் ஸ்காடுட்ரீ துண்டுகளைப் பொறுக்கி பலத்தைக் கூட்டாமல் போனால் முதல் பெரிய பாஸே பஞ்சராக்கிவிடும்.

மோகின் மாளிகைக்கு ஒரு வழி, இரண்டு துண்டாக உடைந்த ரகசியப் பதக்கத்தைத் தேடிச் சேர்த்து, பனிவெளி முழுக்க நடந்து போவது. குறுக்குவழியும் உண்டு. குகையை விட்டு வெளியே வந்ததும், அந்தத் தங்கக் குதிரைக்காரனுக்கும் முன்னால், வெள்ளை முகமூடி போட்ட ஒருவர் நின்றுகொண்டு நம்மை நக்கலடிப்பாரே, வாரே. ஸ்டார்ம்வெயில் கோட்டையின் பாஸான காட்ரிக்கை முடித்த பிறகு அவரை லியூர்னியா என்ற பகுதியில் ரோஸ் தேவாலயத்தில் பார்க்கலாம். அவர் சொல்கிற வேலையைச் செய்தால் மோகிடம் நேராகப் போகும் வழி கிடைக்கும்.

நக்கல் பொறுக்காமல் நான் அவரை முதல் நாளே வெட்டியிருந்தேன். பனிவெளி வழியாகத்தான் போனேன்.