வடக்கிலிருந்து சென்னைக்குக் காரை ஏற்றி அனுப்புவது எப்படி

டெல்லியிலிருந்து சென்னைக்குச் சுமார் 2,200 கிலோமீட்டர். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் கொடுக்கும் பெட்ரோல் காரை ஓட்டிக்கொண்டே வந்தால் ஏறக்குறைய 147 லிட்டர் பிடிக்கும். லிட்டர் நூறு ரூபாய் என்று வைத்தாலும் பெட்ரோலுக்கே 14,700 ரூபாய். அதன் மேல் டோல், இரண்டு மூன்று இரவு லாட்ஜ், சாப்பாடு, கடைசியில் உங்கள் முதுகுவலி. கார்களை ஏற்றிச் செல்லும் டிரெய்லர் லாரிக்காரர் கேட்கும் வாடகையை இந்தக் கணக்கோடு வைத்துப் பாருங்கள். பெங்களூரிலிருந்து வருபவர்களுக்கு யோசனையே வேண்டாம். 350 கிலோமீட்டருக்கு டிரெய்லர் பிடிப்பது வீண் செலவு. விடிகாலையில் கிளம்பினால் மத்தியானச் சாப்பாட்டுக்கு வீடு வந்து சேரலாம்.

நெடுஞ்சாலையில் டிரெய்லருக்குள் நிற்கும் காருக்குப் பெரும்பாலும் ஒன்றும் ஆவதில்லை. அடிபடுவதெல்லாம் ஏற்றும்போதும் இறக்கும்போதும்தான். வீட்டுக்கும் டிரெய்லருக்கும் நடுவே முகம் தெரியாத டிரைவர் ஒருவர் ஓட்டுகிற பத்து, இருபது கிலோமீட்டரும் அதில் சேர்த்தி. உங்கள் கவனத்தில் முக்கால்வாசி அங்கே இருக்கட்டும்.

ஆளைப் பிடிக்கும் முன்

ஹரியானாவின் மானேசரில் இருக்கும் தொழிற்சாலையிலிருந்து புதுக் கார்கள் தெற்கே வருகின்றன. சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையிலிருந்தும் ஒரகடத்திலிருந்தும் புதுக் கார்கள் வடக்கே போகின்றன. தனியார் கார் பெரும்பாலும் அந்த லோடுகளில் மிச்சமிருக்கும் இடத்தில்தான் ஏறும். அதனால் "திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு டெலிவரி" என்று யாராவது அடித்துச் சொன்னால் நம்ப வேண்டாம். டெல்லியிலிருந்து ஒரு வாரம், பத்து நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். டிசம்பர், ஜனவரியில் வடக்கே மூடுபனி. தீபாவளி, பொங்கல் சமயத்தில் டிரைவர்கள் ஊருக்குப் போயிருப்பார்கள். அப்போது இன்னும் நான்கைந்து நாள் கூடும்.

ரேட் கேட்கும்போது மூன்றைத் தெளிவாகக் கேளுங்கள். மூடிய கன்டெய்னரா, திறந்த டிரெய்லரா? ஜிஎஸ்டி, இன்சூரன்ஸ், வீட்டு வாசல் டெலிவரி எல்லாம் சேர்த்த தொகையா? வழியில் வேறு வண்டிக்கு மாற்றி ஏற்றுவார்களா? மூன்றாவதை யாரும் கேட்பதில்லை. நாக்பூரிலோ ஹைதராபாத்திலோ இறக்கி மறுபடி ஏற்றினால், அடிபட வாய்ப்பு இரட்டிப்பாகிறது.

மற்றவர்களைவிடப் பாதி விலைக்கு ஒப்புக்கொள்பவர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள். கார் அவர்கள் கைக்குப் போன பிறகு "பார்டர் டாக்ஸ்", "யூனியன் சார்ஜ்" என்று இன்னொரு இருபதாயிரம் கேட்டு, கொடுத்தால்தான் வண்டி நகரும் என்பது பழைய தந்திரம். கம்பெனி கொடுக்கும் ஜிஎஸ்டி எண்ணை அரசு தளத்தில் போட்டுப் பாருங்கள். அங்கே வரும் பெயரும், பில்லில் இருக்கும் பெயரும், பணம் போகும் வங்கிக் கணக்கின் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். பிரபலமான கம்பெனியின் பெயரில் ஓரெழுத்து மாற்றி வைத்திருப்பவர்கள் ஏராளம். தனிநபர் யுபிஐக்கு மொத்தப் பணத்தையும் அனுப்பாதீர்கள். மீதியை இறக்கிப் பார்த்த பிறகு தருவதாக எழுதி வாங்குங்கள்.

எல்ஆரும் இன்சூரன்சும்

காரை ஏற்றியதும் கொடுக்கும் லாரி ரசீதை எல்ஆர் என்பார்கள். பலர் அதை மடித்து டாஷ்போர்டில் போட்டுவிடுகிறார்கள், காரோடு அதுவும் போய்விடுகிறது. 2007-ஆம் ஆண்டின் கேரேஜ் பை ரோடு சட்டப்படியும் அதன் விதிகளின்படியும், சரக்கின் மதிப்பைக் கூடுதலாக அறிவித்து அதற்கான கூடுதல் கட்டணம் கட்டாவிட்டால், போக்குவரத்துக்காரரின் பொறுப்பு சாதாரணமாக வாடகையின் பத்து மடங்கோடு நின்றுவிடும். வாடகை 20,000 என்றால் இரண்டு லட்சம். உங்கள் கார் எட்டு லட்சம் பெறுமானால் மீதி ஆறு லட்சத்துக்கு யார் பதில் சொல்வது? அதனால் எல்ஆரில் காரின் மதிப்பு எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். "ஓனர்ஸ் ரிஸ்க்" (சேதத்துக்கு உரிமையாளரே பொறுப்பு) என்று முத்திரை குத்தியிருந்தால் கையெழுத்துப் போடும் முன் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள். சேதத்துக்கு வழக்குப் போடுவதானால், அதற்கு முன் எழுத்துமூலம் நோட்டீஸ் கொடுத்திருக்க வேண்டும். அதற்குக் கெடு 180 நாள். புக் செய்த தேதியிலிருந்து எண்ணுவார்கள், டெலிவரி தேதியிலிருந்து எண்ண மாட்டார்கள்.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. உங்களிடம் இருக்கும் காம்பிரிஹென்சிவ் கார் பாலிசியிலேயே, சாலை வழியாகவோ ரயிலிலோ காரை ஏற்றிச் செல்லும்போது ஏற்படும் சேதத்துக்குக் கவர் உண்டு. பாலிசி வாசகத்தின் முதல் பிரிவில் பாருங்கள், தீ, திருட்டு, வெள்ளம் என்று வரும் பட்டியலின் கடைசிப் பகுதியில் இருக்கும். தேர்ட் பார்ட்டி மட்டும் எடுத்தவர்களுக்கு இது கிடையாது. பிறகு தனியாக டிரான்சிட் இன்சூரன்ஸ் எதற்கு என்றால், சொந்தப் பாலிசியில் கிளெய்ம் செய்தால் நோ கிளெய்ம் போனஸ் போய்விடும். 1500 சிசி வரை 1,000 ரூபாயும் அதற்கு மேல் 2,000 ரூபாயும் கிளெய்ம் தொகையில் கட்டாயமாகப் பிடித்துக்கொள்வது வேறு. டிரான்சிட் பாலிசி எடுத்தால் உங்கள் பெயரும் கார் எண்ணும் போட்ட சான்றிதழின் நகல் கைக்கு வர வேண்டும். "எங்க வண்டிக்கு மொத்தமா இன்சூரன்ஸ் இருக்கு சார்" என்ற வாய்வார்த்தை எதற்கும் உதவாது. அதேபோல, டிரான்சிட் பாலிசி இருக்கிறதே என்று கார் பாலிசியைக் காலாவதியாக விடாதீர்கள். டிரைவர் சாலையில் ஓட்டும்போது யார்மீதாவது மோதினால், பதில் சொல்லப்போவது கார் பாலிசிதான்.

காரைத் தயார் செய்தல்

முதலில் காரைக் கழுவுங்கள். அழுக்குக் காரில் எடுத்த படத்தில் கீறலும் தெரியாது, கீறல் இல்லை என்பதும் தெரியாது. பிறகு பகல் வெளிச்சத்தில் நான்கு மூலை, கூரை, பானெட், முன் கண்ணாடி, ஒவ்வொரு சக்கரம், பம்பரின் அடி விளிம்பு எல்லாவற்றையும் படமெடுங்கள். மீட்டரில் ஓடிய கிலோமீட்டர், பெட்ரோல் முள், பேட்டரியின் சீரியல் எண், ஐந்து டயர்களின் பக்கவாட்டில் இருக்கும் எண்கள் ஆகியவற்றையும் எடுங்கள். புது பேட்டரியோடு போன கார் பழைய பேட்டரியோடு வந்து இறங்குவது உண்டு. ஸ்டெப்னிக்கும் அதே கதை.

டேங்கில் கால்வாசிக்கு மேல் எரிபொருள் வேண்டாம். சிஎன்ஜி காரானால் சிலிண்டர் வால்வை மூடி, பெட்ரோலில் ஓடும்படி விடுங்கள். டாஷ்கேம், சார்ஜர் எல்லாவற்றையும் பிடுங்கிவிடுங்கள். பத்து நாள் நின்றால் அவையே பேட்டரியைக் குடித்துவிடும். ரிமோட் பூட்டு உள்ள காரில் பேட்டரி இறந்தால் கதவைச் சாவி போட்டுத் திறப்பது எப்படி என்று டிரைவருக்குக் காட்டுங்கள். காருக்குள் பாத்திரம், துணி, பாட்டி கொடுத்த ஊறுகாய் ஜாடி எதையும் திணிக்க வேண்டாம். உள்ளே இருக்கும் சாமானுக்குக் கார் இன்சூரன்சில் கவர் கிடையாது. பின்பக்கம் எடை கூடிக் கார் தாழ்ந்தால் சாய்தளத்தில் அடியும் தட்டும். ஒரு சாவி, ஆர்சியின் நகல், இன்சூரன்ஸ் நகல், புகைச் சான்று இவை மட்டும் போகட்டும். அசல் உங்களிடம் இருக்கட்டும்.

ஃபாஸ்டேகைக் கிழிக்காதீர்கள், கிழித்தால் அது செத்துவிடும். இருப்பைக் குறைத்து வையுங்கள். டோல் கழிந்ததாகக் குறுஞ்செய்தி வந்தால் உடனே போன் போட்டு, கார் டிரெய்லரில் இருக்கிறதா, சாலையில் ஓடுகிறதா என்று கேளுங்கள்.

ஏற்றும்போது

சாய்தளம் செங்குத்தாக இருந்தால், கார் தரையிலிருந்து ஏறத் தொடங்கும் இடத்தில் முன் பம்பரின் கீழ் உதடு உரசும். நீளமான மரப்பலகையை அடியில் கொடுத்தால் சாய்வு குறையும். அனுபவமுள்ள ஆட்கள் கேட்காமலே போடுவார்கள். போடாதவர்களைப் போடச் சொல்லுங்கள். காரைக் கட்டும்போது பட்டை டயரைச் சுற்றி வர வேண்டும். அடியில் சஸ்பென்ஷன் கையில் சங்கிலியை மாட்டி இறுக்கினால், சென்னையில் இறங்கியதும் ஸ்டியரிங் ஒரு பக்கம் இழுக்கும், அலைன்மென்ட் போயிருக்கும். சக்கரத்துக்கு முன்னும் பின்னும் அடைக்கட்டை, முதல் கியர் அல்லது ஆட்டோமேட்டிக் காரில் 'பி', ஹேண்ட்பிரேக். இரண்டு அடுக்கு வண்டியானால் மேலடுக்கு கேளுங்கள். கீழே நின்றால் மேலே இருக்கும் காரின் எண்ணெய்ச் சொட்டு உங்கள் பானெட்டில் விழும். திறந்த டிரெய்லரில் மட்டும் மேலடுக்குக்கு மரக்கிளைத் தொல்லை உண்டு.

சென்னையில் இறக்கும்போது

பெரிய டிரெய்லர் மயிலாப்பூர்த் தெருவுக்குள் வராது. மாதவரம், செங்குன்றம், பூந்தமல்லிப் பக்கமோ வண்டலூர்ப் பக்கமோ இறக்கி, அங்கிருந்து ஒருவர் ஓட்டிவருவார். முடிந்தால் நீங்களே அங்கே போய் எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டு டெலிவரிதான் என்றால் கிலோமீட்டர்ப் படத்தை ஒப்பிடுங்கள். இரண்டு முனையும் சேர்த்து ஐம்பது, அறுபது கிலோமீட்டருக்கு மேல் ஓடியிருந்தால் காரணம் கேளுங்கள்.

போன் பெரும்பாலும் ராத்திரி ஒன்பது மணிக்கு மேல்தான் வரும். "சார், வண்டி வந்துடுச்சு, ஒரு கையெழுத்துப் போட்டுட்டீங்கன்னா நான் கிளம்பிடுவேன்." அவசரப்படாதீர்கள். "கொஞ்சம் இருங்க தம்பி, பார்த்துட்டுப் போடறேன்" என்று சொல்லிவிட்டு, போன் டார்ச்சைக் கதவுக்கு நேராகப் பிடிக்காமல் பக்கவாட்டில், தகட்டை ஒட்டினாற்போல் பிடியுங்கள். நேர் வெளிச்சத்தில் மறைந்திருந்த டொக்கு அப்போது நிழலாகத் தெரியும். பிறகு உட்கார்ந்து பம்பரின் அடி, ரிம்மின் விளிம்பு, சைலென்சரைப் பாருங்கள். சேதம் இருந்தால் டெலிவரி ரசீதிலேயே "வலது பின்கதவில் கையகல டொக்கு, முன் பம்பர் அடியில் கீறல்" என்று எழுதி, டிரைவரின் கையெழுத்தையும் வாங்கி, இரண்டையும் ஒரே படத்தில் எடுங்கள். ஒன்றும் எழுதாமல் சுத்தமாகக் கையெழுத்துப் போட்டுவிட்டு மறுநாள் காலை போன் செய்தால், "இது முன்னாடியே இருந்தது" என்பார்கள்.

ஆர்டிஓ வேலை

வேறு மாநிலக் காரைத் தமிழ்நாட்டில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் இங்கே புதுப் பதிவு எண் வாங்க வேண்டும். கார் வந்த தேதிக்கு எல்ஆரும் டெலிவரி ரசீதும்தான் சாட்சி, பத்திரப்படுத்துங்கள். மாநிலம் மாறினாலும் மாற்ற வேண்டாத 'பிஹெச்' (பாரத்) வரிசை எண் உள்ளவர்களுக்கு இந்தப் பாடு இல்லை.

ஊரை விட்டுக் கிளம்பும் முன் பழைய ஆர்டிஓவில் படிவம் 28 கொடுத்து என்ஓசி எனும் தடையில்லாச் சான்று வாங்குங்கள். அதில் எந்த ஆர்டிஓவுக்குப் போகிறது என்று குறிப்பிட வேண்டும். ஆகையால் வீட்டை முடிவு செய்த பிறகே விண்ணப்பியுங்கள்: திருவான்மியூர் டிஎன் 07, கே.கே. நகர் டிஎன் 09, தாம்பரம் டிஎன் 11, சோழிங்கநல்லூர் டிஎன் 14, மீனம்பாக்கம் டிஎன் 22. இ-சலான் பாக்கி ஒன்று இருந்தாலும் என்ஓசி நிற்கும். கார் லோன் ஓடிக்கொண்டிருந்தால் வங்கியின் ஒப்புதல் கடிதமும் தேவை. டெல்லியில் டீசலுக்கு 10 ஆண்டு, பெட்ரோலுக்கு 15 ஆண்டு என்று கட்டுப்பாடு கொண்டுவரப்பட்டதால், அந்த வயதை நெருங்கும் காருக்கு இப்போதைய விதியை விசாரித்து முன்கூட்டியே விண்ணப்பியுங்கள். சேசிஸ் எண்ணைப் பென்சிலால் தேய்த்து எடுத்த பிரதிகளை அங்கேயே நான்கைந்து எடுத்து வைத்துக்கொண்டால் இங்கேயும் உதவும்.

இங்கே வந்ததும் புது எண்ணுக்குப் படிவம் 27, முகவரி மாற்றத்துக்குப் படிவம் 33, காரின் வயதையும் விலையையும் வைத்துக் கணக்கிடும் ஆயுள் வரி, மோட்டார் வாகன ஆய்வாளர் முன் காரை நிறுத்துவது, பிறகு உயர் பாதுகாப்பு நம்பர் பிளேட். புது ஆர்சி கைக்கு வந்ததும் பழைய மாநிலத்தில் கட்டிய வரியில் மீதி ஆண்டுகளுக்குத் திரும்பக் கேட்கலாம். இன்சூரன்சிலும் ஃபாஸ்டேகிலும் எண்ணை மாற்றுங்கள். கார் இன்சூரன்சில் ஊர்களை மண்டலமாகப் பிரித்திருக்கிறார்கள்; லக்னோ, சண்டிகர் போன்ற 'பி' மண்டல ஊரிலிருந்து வந்தால், சென்னை 'ஏ' மண்டலம் என்பதால் பிரீமியம் கொஞ்சம் கூடும்.

சென்னையின் வெயிலும் உப்பும் மழையும்

குளிர் ஊரில் தட்டுத்தடுமாறி ஓடிய பேட்டரி சென்னைக் கோடையில் முதல் ஆளாகப் படுத்துவிடும். மூன்று வயதைத் தாண்டியிருந்தால் சித்திரைக்கு முன்பே சோதித்துவிடுங்கள். கூலன்ட் குறைந்தால் போர் தண்ணீரை ஊற்றாதீர்கள். அந்த உப்பு ரேடியேட்டருக்குள் படிந்து அடைக்கும். கம்பெனி சொன்ன கூலன்ட், காய்ச்சி வடித்த நீர், இவை மட்டும். ஏசி கண்டென்சரின் இடுக்கில் வடக்கத்தித் தூசி அப்பியிருக்கும். அதைக் கழுவினாலே பாதிக் குளிர்ச்சி திரும்பும், அதைச் செய்யாமல் கேஸ் நிரப்பக் காசு கொடுக்க வேண்டாம். பெசன்ட் நகர், திருவான்மியூர், ஈசிஆர் பக்கம் வீடு என்றால் காரின் அடிப்பாகத்தைத் துருத் தடுப்புப் பூச்சுக்குக் கொடுங்கள், அதோடு வாரம் ஒருமுறை அடியில் நல்ல தண்ணீர் பீய்ச்சுங்கள்.

அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் கார் வந்து இறங்குவதாக இருந்தால், எங்கே நிறுத்தப்போகிறீர்கள் என்பதை முதலில் பாருங்கள். வேளச்சேரி, முடிச்சூர்ப் பக்கம் பெருமழை அறிவிப்பு வந்தால் ஜனங்கள் காரை மேம்பாலத்தில் கொண்டுபோய் நிறுத்துவது 2015 டிசம்பர் வெள்ளம் கற்றுக்கொடுத்த பழக்கம். பாலிசியைப் புதுப்பிக்கும்போது எஞ்சின் புரொடெக்ட் என்ற கூடுதல் கவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். தண்ணீரில் நின்ற காரைச் சாவி போட்டு ஸ்டார்ட் செய்து பார்த்தால், உள்ளே போன நீரை அமுக்க முடியாமல் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். சாதாரண பாலிசியில் அதற்குப் பணம் கிடைப்பது கஷ்டம். நீர் வடிந்ததும் பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றிவிட்டு, டோ வண்டி வரும்வரை சாவியைத் தொடாதீர்கள்.