புதுச்சொல் கட்டும்போது சறுக்கும் இடங்கள்

பஸ்ஸில் கொண்டக்டர் "பின்னுக்குப் போங்கோ" என்று கத்தியதும் காலைத் தூக்கி, தூக்கிய இடத்திலேயே திரும்ப வைக்கிற ஆட்கள் இருக்கிறார்கள். இந்தச் செயலை "நிண்டநடை" என்று சொல்லிப் பாருங்கள். கிளிநொச்சியிலிருந்து வவுனியாவுக்கு நின்றபடி போன எவருக்கும் விளக்கம் தேவைப்படாது. அன்றாடப் பழக்கங்களுக்குப் பகிடிச்சொல் கட்டுகிறவர்களுக்கு இதுதான் அளவுகோல்: முதல்தரம் காதில் விழும்போதே வேர் தெரியவேண்டும். எடுபடாமல் போகிற சொற்களில் பெரும்பாலானவை அந்த வேரை எங்கோ ஓரிடத்தில் மறைத்துவிடுகின்றன.

இருக்கிற சொல்லைத் திரும்பக் கட்டுவது

எங்கள் பேச்சுத்தமிழில் மனிதச் சேட்டைகளுக்குச் சொற்பஞ்சம் குறைவு. அடுத்த வீட்டு விஷயத்தை எட்டிப் பார்ப்பது விடுப்பு. எதிலும் குறை கண்டுபிடிப்பது நொட்டை. மற்றவருக்கு விளங்காமல் முணுமுணுப்பது புறுபுறுப்பு. ஆள் இருக்கிற அடையாளம் சிலமன். பல்லைக் காட்டாமல் நக்கலாகச் சிரிப்பது கொடுப்புக்குள் சிரிப்பு. விடுப்பு என்ற சொல் உயிரோடு இருக்கும்போது "எட்டிப்பார்வையாளர்" என்று ஒன்றைக் கொண்டுவந்தால் அதை யாரும் வாயில் வைக்கமாட்டார்கள்.

ஆகவே முதலில் வயது போன ஒருவரிடம் நடத்தையை மட்டும் விபரித்து, "இதுக்கு என்னெண்டு சொல்லுறது?" என்று கேளுங்கள். பிறகு அகராதி. 1862இல் வெளிவந்த வின்சுலோ அகராதியும், 1924 முதல் 1936 வரை தொகுதி தொகுதியாக வந்த சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிக்கனும் இணையத்தில் தேடக் கிடைக்கின்றன. லெக்சிக்கன் யாழ்ப்பாண வழக்குகளுக்குத் தனிக்குறி போட்டிருப்பதால் நமக்குக் கூடுதல் வசதி. அங்கே தூங்கிக்கிடக்கிற பழைய சொல் ஒன்று பொருந்தினால் அதை எழுப்பிவிடுவது புதிதாகக் கட்டுவதைவிட லாபம்.

நடத்தை இல்லாமல் குணத்துக்குப் பேர் வைப்பது

சோம்பல், பெருமை, பொறாமை எல்லாம் குணங்கள். அவற்றுக்குப் பகிடிச்சொல் கட்டினால் அது வசவாகத்தான் முடியும். யார், எந்த நேரத்தில், உடம்பில் எதை அசைத்து, எவ்வளவு நேரம் செய்கிறார் என்று ஒரே வசனத்தில் சொல்ல முடிகிறதா என்று பாருங்கள். "விருந்தாளி கெதியில் போகமாட்டார்" என்பது போதாது. "அப்ப வாறன்" என்று எழும்பி, படலையைப் பிடித்தபடி அரை மணித்தியாலம் கதைப்பது: இது சரியான அளவு. இதற்குப் "படலைக்கதை" என்று பேர் வைக்கலாம். வாய் திறக்காமல் நடித்துக் காட்டினால் மற்றவர் கண்டுபிடிக்கக்கூடிய நடத்தைகளே நல்ல மூலப்பொருள்.

வெட்டி ஒட்டுவது

ஆங்கிலத்தில் காலைச் சாப்பாட்டின் தலையையும் மதியச் சாப்பாட்டின் வாலையும் வெட்டி ஒட்டிப் "பிரன்ச்" என்று ஆக்கினார்கள். அந்த மொழிக்கு அது பொருந்துகிறது. தமிழில் சொல்லின் வேர் முன்னுக்கு இருக்கும், விகுதிகள் பின்னுக்கு வந்து சேரும். இரண்டாவது சொல்லின் தலையை வெட்டினால் அதன் வேரே போய்விடும். விடுப்பையும் வட்ஸ்அப்பையும் கலந்து "விட்ஸ்அப்" என்று எழுதினால் திரையில் கொஞ்சம் சிரிப்பு வரும். வாயால் சொன்னால் எதிரில் இருப்பவருக்கு வட்ஸ்அப் மட்டும்தான் கேட்கும். முழுச்சொற்களையே அடுக்கி "ஸ்டேட்டஸ்விடுப்பு" என்றால் வேலை முடிந்தது.

வெட்டுவதைவிடப் பலமான கருவி நம்மிடமே உண்டு: வினைத்தொகை. ஊறுகாய், சுடுசோறு, குடிதண்ணி ஆகியவற்றில் வினையின் வேர் காலம் காட்டாமல் நேராகப் பெயரோடு நிற்கிறது. முக்காலமும் அதற்குள் அடங்கும். முகம் தெரிகிறது, ஊர் தெரிகிறது, பேர் மட்டும் வாய்க்கு வராமல் நிற்கிற அந்த நிமிடத்துக்குத் "தேடுபேர்" நாலு எழுத்தில் சரிவரும். அந்த நிமிடத்தைச் சமாளிக்கப் பெரியவர்கள் எல்லாரையும் "ராசா, எப்பிடி இருக்கிறாய்?" என்று கேட்பார்களே, அந்த உத்திக்கு "மறதிராசா" என்று வைக்கலாம். இதை இலக்கணப்படி "மறதியிராசா" என்று எழுதத் தொடங்கினால் பகிடி அங்கேயே செத்துவிடும். பேச்சில் பிறந்த சொல்லைப் பேச்சு வடிவத்திலேயே விடவேண்டும். "நிண்டநடை"யை "நின்றநடை" ஆக்காததும் அதற்காகத்தான்.

சந்தியை விட்டுவிடுவது

அதிகம் சொற்கள் கெடுவது இங்கேதான். "போதும், இதுதான் கடைசி" என்று சொன்ன பிறகும் கச்சான் சரைக்குள் திரும்பப் போகிற கைக்குக் "கடைசிக்கச்சான்" என்று பேர் வையுங்கள். முறிகண்டியில் பஸ் நிற்கிற நேரத்தில் இதை வரிசையாகப் பார்க்கலாம். நடுவில் உள்ள "க்" இல்லாமல் "கடைசிகச்சான்" என்று எழுதினால், இரண்டு உயிருக்கு நடுவே தனியாக நிற்கிற ககரம் மெலிந்து ஒலிக்கும். வாசிக்கிறவர் கச்சானைக் காணமாட்டார்.

பெயரோடு பெயர் சேரும்போது வருமொழி க, ச, த, ப வில் தொடங்கினால் பெரும்பாலும் இரட்டிக்கும்: படலைக்கதை. வினைத்தொகையில் இரட்டிக்காது. "தேடுப்பேர்" என்று எழுதினால் அது பிழை மட்டுமல்ல, காதுக்கும் அந்நியமாக விழும். சுடுசோற்றை யாரும் சுடுச்சோறு என்பதில்லையே. நிண்ட, வந்த, போன போன்ற பெயரெச்சத்துக்குப் பின்னும் இரட்டிப்பு இல்லை. முதற்சொல் தனிக்குறிலும் ஒற்றுமாக இருந்து அடுத்தது உயிரில் தொடங்கினால் ஒற்று இரட்டிக்கும்: பொய், அழுகை, "பொய்யழுகை".

வினை இல்லாமல் விடுவது

பெயர்ச்சொல்லாக மட்டும் நிற்கிற சொல் வாக்கியத்துக்குள் போகாது. "அவர் இப்ப என்ன செய்யிறார்?" என்ற கேள்விக்கு அந்தச் சொல்லால் மறுமொழி சொல்ல வராவிட்டால் அது புழங்காது. "செய்தல்", "பண்ணுதல்" ஒட்டுவது சோம்பேறி வழி, சொல் உடனே கந்தோர்ப் படிவம்போல் ஆகிவிடும். துணைவினைகளுக்கு ஒவ்வொன்றுக்கும் தனி மணம் உண்டு. கட்டுப்பாடில்லாமல் வெளியே வருவதற்கு விடு: புளுகு விடுறது, பகிடி விடுறது, குறட்டை விடுறது. விட்டுக்கொடுக்காமல் நிற்பதற்குப் பிடி: அடம் பிடிக்கிறது. பிறர் பார்க்கச் செய்வதற்குக் காட்டு: எழுப்பம் காட்டுறது. ஆகவே கடைசிக்கச்சான் விடுவது, நிண்டநடை போடுவது. மாற்றிப் போட்டுச் சொல்லிப் பாருங்கள், பிழை தானாகத் தெரியும்.

ஊர்ப்பெயரில் கைவைப்பது

1983இல் இரண்டு ஆங்கில எழுத்தாளர்கள் ஊர்ப்பெயர்களை எடுத்து, பேரில்லாத சின்னச் சின்ன அனுபவங்களுக்குச் சூட்டி ஒரு சிறு அகராதியே போட்டார்கள். அந்தப் பெயர்களில் பலவற்றின் பொருள் அங்கே உள்ளவர்களுக்கே இப்போது தெரியாததால் எதையும் ஏற்றலாம். வன்னியில் அது சுலபமில்லை. புளியங்குளம் என்றால் புளியும் குளமும் கண்ணுக்கு முன்னால் வந்துவிடும், வேறு பொருளுக்கு இடம் இராது. ஊர்ப்பெயருக்குள் வேறு ஒரு சொல் தற்செயலாக ஒளிந்திருந்தால்தான் விளையாட்டு நடக்கும். ஒரு வசனத்தை "நான்", "இப்ப", "வாறன்", "இல்லை" என்று நாலு மெசேஜாக உடைத்து அனுப்புவதைத் "துணுக்காய்க் கதைக்கிறது" என்று சொல்லலாம். துணுக்காய் ஆட்கள் கோபிக்க இதில் ஒன்றுமில்லை. பஸ் இருக்கையில் இரண்டு பேரின் இடத்தைக் காலை அகட்டிப் பிடிப்பவருக்குப் "பரந்தன்" என்பது வாய்க்கு வந்து நிற்கும். ஆனால் அந்த அன் விகுதி ஆளைக் குறிக்கிறது, அந்த ஊர்க்காரர் பக்கத்தில் இருந்தால் குத்தும். இருப்பைக் குறிக்கிற மாதிரிப் "பரந்தனிருப்பு" என்று மாற்றினால் செயல் மட்டும் மிஞ்சும், புதுக்குடியிருப்பின் சாயலும் வந்து சேரும்.

ஆளைக் குறித்தே தீரவேண்டுமென்றால் இகர விகுதி நல்லது: வாயாடி, ஊர்சுற்றி. ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது. மண்வெட்டி, பாக்குவெட்டி என்று கருவிகளுக்கும் அதே விகுதி வருவதால் ஒரு நக்கல் இலவசமாகக் கிடைக்கும்.

சில சொற்களை மூலப்பொருளாக எடுக்கவே கூடாது. முள்ளிவாய்க்கால், பங்கர், நிவாரண வரிசை இவற்றில் சனம் தங்களுக்குள் கசப்பான பகிடி விடுவதுண்டு, அது அவர்களுடையது. மே மாதத்தில் முள்ளிவாய்க்கால் கஞ்சி கொடுக்கிற மண்ணில், அந்த நாட்களில் கஞ்சியை வைத்துச் சொல் விளையாடுவதும் சரிவராது. சத்தத்துக்குத் திடுக்கிடுவது, நொண்டி நடப்பது, காது கேளாமல் திருப்பிக் கேட்பது எல்லாம் இங்கே பலருக்கு காயம். மலையகத்திலிருந்து வந்து குடியேறியவர்களின் பேச்சைக் கொப்பியடித்துக் கட்டுகிற சொல்லும் அப்படித்தான்.

விளக்கத்தோடு வெளியே விடுவது

சொல்லைச் சொல்லி, பொருளைச் சொல்லி, பிறகு சிரிக்கச் சொன்னால் ஒருவரும் சிரிக்கமாட்டார்கள். நடத்தை நடக்கிற நேரத்துக்குக் காத்திருந்து, வசனத்துக்குள் வைத்துச் சாதாரணமாகச் சொல்லுங்கள்: "அண்ணை, நிண்டநடை போடாமல் உள்ளுக்குப் போங்கோ." அதற்கு முதல், வயது வித்தியாசமான இரண்டு பேருக்கு வாயால் சொல்லி எழுதித்தரச் சொல்லுங்கள். இருவரும் இரண்டு விதமாக எழுதினால் சந்தியில் பிழை. எழுத்து ஒன்றாகவும் ஊகித்த பொருள் வேறாகவும் இருந்தால் வேர்ச்சொல்லை மாற்றவேண்டும். புழக்கத்துக்கு வந்தபின் சனம் அதைச் சுருக்கும், நீட்டும். கடைசிக்கச்சான் வெறும் "கடைசி" ஆகிவிடவும் கூடும். அந்தக் கட்டத்தில் திருத்தப் போகாமல் இரண்டு வடிவத்தையும் குறித்துவைப்பது போதும்.