நாக் ஊரில் ஒரு பங்குத்தந்தையின் கட்டுமானங்களைப் பார்ப்பது எப்படி

அயர்லாந்தின் மேற்கே மேயோ மாவட்டத்தில் உள்ள நாக் என்ற சிற்றூருக்கு வருகிறவர்களில் பலர் மரியன்னையின் திருத்தலத்தில் செபித்துவிட்டு அன்றே ஊர் திரும்பிவிடுகிறார்கள். அவர்கள் திருப்பலி கண்ட பெருங்கோயிலுக்கும், சிலர் வந்திறங்கிய விமான நிலையத்துக்கும் பின்னால் மொன்சிஞ்ஞோர் (கத்தோலிக்கக் குருக்களுக்குத் தரப்படும் மதிப்புப் பட்டம்) ஜேம்ஸ் ஹொரன் என்ற ஒரே பங்குத்தந்தையின், அதாவது ஊர்க் கோயிலின் பொறுப்புக் குருவின், உழைப்பு இருக்கிறது. அதை அறிந்து பார்க்க விரும்புகிறவர்களுக்காக, ஒரு நாளில் முடிக்கத்தக்க வரிசை ஒன்றை இங்கே தருகிறேன்.

புறப்படும் முன் இரண்டு வேலைகளை முடித்துக்கொள்ளுங்கள். முதலாவது, 19ஆம் நூற்றாண்டில் வரையப்பட்ட அயர்லாந்து நில அளவைத் துறையின் வரைபடத்தில் நாக் ஊரைத் தேடிப் பாருங்கள். அன்றைய ஊரின் அளவு மனத்தில் பதிந்திருந்தால்தான் இன்றைய திருத்தல வளாகத்தின் பரப்பு உறைக்கும். இரண்டாவது, நாளைத் தேர்ந்தெடுங்கள். ஆகஸ்ட் 14 முதல் 22 வரை நடைபெறும் நவநாளில் (ஒன்பது நாள் வழிபாட்டில்) கூட்டம் மிகுதி என்று பலர் தவிர்ப்பார்கள். ஆனால் இவ்வளவு பெரிய கோயில் எதற்கு என்ற கேள்விக்கு அந்தக் கூட்டமே விடையாதலால், அந்த நாள்களில் ஒன்றையே நான் பரிந்துரைப்பேன். ரயிலில் வருகிறவர்கள் டப்ளின்–வெஸ்ட்போர்ட் தடத்தில் உள்ள கிளேர்மோரிஸ் நிலையத்தில் இறங்கி, அங்கிருந்து சாலை வழியாக வரலாம்.

ஊருக்குள் வந்ததும் நேரே பசிலிக்கா எனப்படும் பெருங்கோயிலுக்குப் போய்விடாமல், 1828இல் கட்டப்பட்ட பழைய பங்குக் கோயிலின் தெற்கு முகட்டுச் சுவருக்கு முதலில் செல்லுங்கள். 1879 ஆகஸ்ட் 21 மாலை, கொட்டும் மழையில், இந்தச் சுவரில் மரியன்னை, புனித யோசேப்பு, நற்செய்தியாளர் யோவான் ஆகியோரையும், ஒரு பீடத்தின் மீது செம்மறியையும் கண்டதாக 15 பேர் சாட்சியம் அளித்தார்கள். பின்னர் வந்த திருப்பயணிகள் சுவரின் பூச்சைப் பெயர்த்துப் புனிதப் பொருளாக எடுத்துச் சென்றார்கள். இன்று அவ்விடத்தைக் கண்ணாடிச் சிற்றாலயம் காக்கிறது. இங்கே அமர்ந்து, ஒரு சிறிய பங்கின் எளிய கோயிலை நாடிப் பெருங்கூட்டம் திரண்டு வந்ததை நினைத்துப் பாருங்கள். 1963இல் உதவிப் பங்குத்தந்தையாக இங்கு வந்து 1967இல் பங்குத்தந்தையான ஹொரன் எதிர்கொண்டது அந்த நெருக்கடியைத்தான்.

அங்கிருந்து சில நிமிட நடையில், 1976இல் கட்டி முடிக்கப்பட்ட அயர்லாந்தின் அரசியான அன்னையின் கோயிலை அடையலாம். இதில் 10,000 பேர் கூடலாம். உள்ளே நுழைவதற்கு முன் வெளிச்சுற்றை முழுமையாக ஒருமுறை வலம் வாருங்கள். அவசரப்படாமல் தூண்களை எண்ணுங்கள். மாவட்டத்துக்கு ஒன்றாக 32 தூண்கள் உள்ளன. அயர்லாந்துக் குடியரசின் 26 மாவட்டங்களோடு, ஐக்கிய இராச்சியத்தின் பகுதியான வட அயர்லாந்தின் 6 மாவட்டங்களும் இந்த வரிசையில் அடக்கம். வடக்கே குண்டுவெடிப்புகளும் கொலைகளும் தொடர்ந்துகொண்டிருந்த ஆண்டுகளில், ஒரே கூரையின் கீழ் தீவு முழுவதையும் நிறுத்திக் காட்டிய இந்தச் சுற்றுப்பாதையே என் கணிப்பில் இக்கட்டடத்தின் இதயம். உள்ளே கண்ணைப் பறிக்கும் பெரிய மொசைக் ஓவியம் அண்மைக் காலப் புதுப்பிப்பில் சேர்ந்தது என்பதால் அதை ஹொரனின் கணக்கில் சேர்க்க வேண்டாம். திருப்பலி நடக்கும் நேரத்தில் சுற்றிப் பார்ப்பதையும் படமெடுப்பதையும் தவிர்த்துவிடுங்கள்.

காட்சியின் நூற்றாண்டை முன்னிட்டு 1979 செப்டம்பர் 30 அன்று திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் இங்கு வந்தார். இக்கோயில் பசிலிக்காவாக உயர்ந்ததும் அப்போதுதான். நாக் அருகே அப்போது விமான நிலையம் இல்லாததால், அவர் கால்வே நகரிலிருந்து ஹெலிகாப்டரில் வர வேண்டியிருந்தது.

நேரமும் வாகனமும் உள்ளவர்கள் பாலிஹானிஸ் அருகே உள்ள டூரின் வழியாகச் செல்லலாம். ஹொரன் நாக் ஊருக்கு வருவதற்கு முன்பே, அந்தக் கிராமத்தில் உதவிப் பங்குத்தந்தையாக இருந்தபோது பெரிய நடனக்கூடம் ஒன்றைக் கட்ட ஏற்பாடு செய்தவர். இளைஞர்கள் வேலை தேடிக் கூட்டம் கூட்டமாக வெளிநாடு போய்க்கொண்டிருந்த பகுதியில், ஒரு குரு நடனக்கூடத்தைக் கட்ட முன்வந்ததன் பொருளை அங்கே நின்றால் உணரலாம்.

கடைசியாக, நாக் ஊரிலிருந்து வடக்கே ஏறத்தாழ 20 கிலோமீட்டர் சென்று, சார்ல்ஸ்டவுன் அருகே உள்ள விமான நிலையத்தை அடையுங்கள். முனையத்துக்குள் போகும் முன் வெளியே நின்று நாற்புறமும் பாருங்கள். சதுப்பும் மூடுபனியும் உள்ள இந்தக் குன்றின் மேல், பெரிய விமானங்கள் இறங்கத்தக்க 2,300 மீட்டர் ஓடுபாதையை ஒரு பங்குத்தந்தை கேட்டபோது, நாடே அதை விவாதித்தது. 1981இல் வேலை தொடங்கியது. ஆட்சி மாறியதும் புதிய அரசு மேற்கொண்டு நிதி தர மறுத்தது. மீதித் தேவையான சுமார் 40 லட்சம் பவுண்டுக்காக ஹொரன் மாபெரும் பரிசுக் குலுக்கல் ஒன்றை நடத்தினார். எழுபது வயதைக் கடந்த நிலையில், நலிந்த உடலோடு அமெரிக்காவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் சென்று ஆதரவு திரட்டினார். 1985 அக்டோபர் 25 அன்று முதல் விமானங்கள் இங்கிருந்து ரோமாபுரிக்குப் பறந்தன. 1986 மே 30 அன்று முறையான திறப்பு விழா நடந்தது. 2018இல் திருத்தந்தை பிரான்சிஸ் நாக் திருத்தலத்துக்கு வந்தபோது இந்த ஓடுபாதையில்தான் இறங்கினார்.

வளாகத்தில் ஹொரனின் சிலை இருக்கிறது. அதைப் பார்த்த பின் ஓடுபாதை தெரியும் இடத்தில் சிறிது நேரம் நில்லுங்கள். திறப்பு விழா முடிந்து இரண்டு மாதங்கள்தான் கழிந்திருந்தன. 1986 ஆகஸ்ட் 1 அன்று, பிரான்சின் லூர்து நகருக்கான திருப்பயணத்தின்போது, தமது 75ஆம் வயதில் ஹொரன் இறந்தார். அவருடைய உடலை ஏற்றி வந்த விமானம் இங்கேதான் தரையிறங்கியது.