துன்பியல் நாடகத்தின் இறுதி அங்கத்தில் வசனத்தைப் பங்கிடுவது எப்படி?

இறுதி அங்கத்தை எழுத உட்காரும்போது, யார் எவ்வளவு பேசுவது என்பதற்கு முன்பாக, யார் எந்த இடத்தில் பேச்சை நிறுத்துகிறார் என்பதை முடிவு செய்துகொள்ளுங்கள். பாத்திரங்களின் பெயர்களை ஒரு தாளில் எழுதி, ஒவ்வொருவரின் கடைசி வசனமும் வரும் இடத்தைக் குறித்தால், முதல் வரைவில் ஏறக்குறைய எல்லோருமே திரை விழும்வரை பேசிக்கொண்டிருப்பது தெரியவரும். முதலில் திருத்த வேண்டிய குறை அதுதான்.

மௌனத்தையும் ஒரு பங்காகக் கணக்கில் சேர்க்க வேண்டும். பண்டைய கிரேக்க நாடகாசிரியர் சோஃபக்ளிஸின் 'அன்டிகனி'யில் அரசி யூரிடிசி மேடைக்கு வந்து ஒரே ஒரு முறைதான் பேசுகிறாள். மகன் இறந்த விதத்தைத் தூதன் சொல்லக் கேட்டதும் ஒரு சொல்லும் இன்றி அரண்மனைக்குள் திரும்பிவிடுகிறாள். அந்த அமைதியைக் கண்டு, மேடையில் நின்று நிகழ்வுகளைப் பற்றிப் பாடும் பாடற்குழு அஞ்சுவதால், அவளுக்கென்று புலம்பல் எதுவும் எழுதப்படாமலேயே அவளுடைய மரணம் நமக்கு முன்கூட்டியே உறைத்துவிடுகிறது. ஷேக்ஸ்பியரின் 'ஒத்தெல்லோ'விலோ, நாடகத்திலேயே அதிக வரிகளைப் பேசும் வில்லன் இயாகோ, தன் சூழ்ச்சிக்கான காரணத்தைக் கூறும்படி கேட்கப்படும் வேளையில், இனி வாய் திறப்பதில்லை என்று சொல்லி நிறுத்திக்கொள்கிறான். யூரிடிசியின் மௌனம் துயரம், இயாகோவினுடையது வன்மம்.

நாயகனின் பேச்சைக் குறைத்தால் மட்டும் போதாது, அதன் வாக்கிய அமைப்பையும் உடைக்க வேண்டும். ஷேக்ஸ்பியரின் 'லியர் மன்னன்' நாடகத்தில், புயலை நோக்கி நீண்ட அடிகளில் முழங்கிய லியர், இறந்த மகளை ஏந்தி வந்தபின், சொன்ன சொல்லையே திரும்பத் திரும்பச் சொல்பவனாகிறான்.

நடந்ததை விளக்கும் வசனத்தில் கூடுதல் கவனம் தேவை. 'ரோமியோ ஜூலியட்' நாடகத்தின் பாதிரியார், சுருக்கமாகச் சொல்வதாக வாக்களித்துவிட்டு, பார்வையாளர்கள் ஏற்கெனவே அறிந்த கதையை ஏறத்தாழ 40 வரிகளுக்குச் சொல்கிறார்! மேடையில் இருப்பவர்களுக்கு அது தேவைதான் என்றாலும், நம்மில் பெரும்பாலோர் அதை இரண்டு வரிகளில் முடிப்பதே நல்லது.

கடைசி வசனத்தைப் பெறுபவரே, எஞ்சிய உலகம் யாருடையது என்பதைக் காட்டிவிடுகிறார். 'லியர் மன்னன்' நாடகத்தின் இறுதி நான்கு வரிகளை 1608ஆம் ஆண்டுப் பதிப்பு லியரின் மருமகனான அல்பனி கோமகனுக்கும், 1623ஆம் ஆண்டுப் பதிப்பு குளோஸ்டர் பிரபுவின் மகன் எட்கருக்கும் தருகின்றன. சொற்கள் பெரிதும் மாறாவிட்டாலும் நாடகம் முடியும் விதம் மாறிவிடுகிறது. உங்கள் நாடகத்தின் கடைசி வரிகளையும் இருவரிடம் மாற்றிக் கொடுத்து உரக்கப் படிக்கச் செய்யுங்கள். யார் பேசினாலும் வேறுபாடு தெரியவில்லையென்றால், அவ்வரிகளை நீக்கிவிட்டு, முந்தைய வசனத்தோடு திரையை இறக்கிவிடலாம்.