பிரிட்ஜ் இல்லாமல் முட்டை கெடாமல் இருக்க

திருகோணமலையில் கச்சான் எனும் வறண்ட சூட்டுக் காற்று வீசும் மாதங்களில் முட்டை சீக்கிரம் பழுதாகும். மாரியில் கரண்ட் போனால் பிரிட்ஜையும் நம்ப முடியாது. ஊர்க் கோழி முட்டை கையில் இருந்தால் முதலில் செய்யக் கூடாத வேலை, கழுவுவது. ஓட்டின் மேலுள்ள மெல்லிய படலம்தான் கிருமி உள்ளே போகாமல் தடுக்கிறது. அழுக்கானதையும் வெடித்ததையும் உடனே சமைத்துவிடுங்கள்.

கொஞ்ச நாளுக்கு என்றால் தேங்காய் எண்ணெய் போதும். இட்ட அன்றோ மறுநாளோ விரலால் மெல்லிசாகப் பூசி, கூர் நுனி கீழே இருக்க, நிழலான இடத்தில் தவிட்டிலோ உமியிலோ புதைத்து வையுங்கள். ஓட்டின் துளைகளை எண்ணெய் அடைப்பதால் உள்ளிருக்கும் ஈரம் வெளியேறாது. உமி நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். ஈரமானால் பூஞ்சணம் பிடிக்கும்.

மாதக்கணக்கில் வைக்க நீற்றின சுண்ணாம்புதான் சரி. கொதித்து ஆறிய ஒரு லீற்றர் தண்ணீருக்குச் சுமார் 30 கிராம் கரைத்து, முட்டைகள் முழுக்க மூழ்கும்படி கண்ணாடிப் போத்தலில் மூடி வையுங்கள். அலுமினியச் சட்டி கூடாது, சுண்ணாம்பு அரித்துவிடும். எடுத்ததும் கழுவுங்கள். அவிப்பதானால் அகன்ற பக்கத்தில் ஊசியால் ஒரு துளை போடுங்கள், இல்லாவிட்டால் ஓடு வெடிக்கும். நாளானால் மஞ்சள் கரு லேசில் உடையும், ஆகவே புல்ஸ்ஐக்குச் சரிவராது. குழம்புக்கும் ரொட்டிக்கும் தாராளமாகப் போடலாம்.

எதுவானாலும் தனிக் கிண்ணத்தில் உடைத்து மணந்து பார்த்து, நன்றாக வேகவைத்துச் சாப்பிடுங்கள்.